கண்ணாடியில் வைத்த பொட்டு

செப்டம்பர் 21, ஞாயிறு

என் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ‘ழ’ எழுதினால் அதன் கால் கோட்டைத் தாண்டி அடுத்த வரியில் போய் நிற்கிறது. ‘இ’ முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. இந்தக் கை பவுண்டரியில் இரும்புக் குழம்பு தூக்கிய கை. பேனாவைப் பிடித்தால் அது நழுவுகிறது, இறுக்கினால் தாள் கிழிகிறது.

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சகாயமேரி டீச்சர் இன்று எல்லாருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். “தேதி போட்டு நடந்ததை எழுதுங்க. நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்” என்றார். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். குழந்தைகளின் பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி மேலே இடிக்கும். முதல் மாதம் மார்க்கெட்டுக்குப் போகிறவன் போலக் காய்கறிப் பைக்குள் சிலேட்டை மறைத்துக்கொண்டு போனேன். இப்போது பை இல்லாமல் போகிறேன்.

இவ்வளவு எழுத ஒரு மத்தியானம் ஆனது. பெயரையும் எழுதிவிடுகிறேன். நாச்சிமுத்து.

செப்டம்பர் 22, திங்கள்

ரேஷன் கடைக்குப் போனேன். கையெழுத்துப் போடலாம் என்று ஆசையாகப் பேனா கொண்டு போனேன். கட்டைவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். எல்லாருக்கும் அப்படித்தானாம். பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி எழுத வேண்டும். கோயமுத்தூரில், பழைய லேத் பட்டறை ஒன்றில் காவல் இருக்கிறேன். பட்டறையை நடத்திய முதலாளி காலமாகிவிட்டார். இப்போது அவர் மகள் பிரபாவதி மேடம் நடத்துகிறார். லேத்துகள் ஒருபுறம் இருக்கின்றன. முன்னறையில் லேசர் ஸ்கேனர் செய்கிறார்கள்.

அது சோறு கொண்டுபோகும் ஒரு தூக்குப்போசி உயரம்கூட இல்லை. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி சுற்றுகிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி எல்லாப் பக்கமும் போகிறது. மரத்திலோ சுவரிலோ பட்டுத் திரும்பி வருகிறது. போய்வர எடுத்த நேரத்தை வைத்து அது தூரத்தைக் கணக்குப் போட்டு ஒரு புள்ளி வைக்கிறது. லட்சம் புள்ளி சேர்ந்தால் மரம் மரமாகவும் சுவர் சுவராகவும் கம்ப்யூட்டரில் வந்துவிடும். திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் செய்தது இருக்கிறதாம். அதன் விலைக்கு வீடு கட்டலாமாம். இவர்கள் செய்வது ஒரு மொபெட் விலைக்குள் அடங்க வேண்டும் என்று மேடம் பாடுபடுகிறார். மலையில் ஓர் ஊராட்சி கேட்டிருக்கிறது. அங்கே சரிவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் சரிவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறதா என்று அளக்க வேண்டும். “பெரிய மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாமுங்க. நாம எடுத்த அன்னைக்கேவா மலை சரியும்? அங்கியே நிக்கற மாதிரி ஒண்ணு வேணும்” என்றார் மேடம். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி மலையில் பரீட்சை. என்னையும் காவலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று வாசலைப் பார்த்து அதை வைத்து ஓட்டினார்கள். கோகிலவாணி என்ற பெண் அதன் பாகங்களைக் கோத்துச் சேர்ப்பவள். நான் அம்மிணி என்று கூப்பிடுவேன். அவள் என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

“தாத்தா, இங்க வாங்க. இது ஆருன்னு சொல்லுங்க பார்க்கலாம்.”

கேட் இருந்தது. வேப்பமரம் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், புள்ளி புள்ளியாக ஒரு கிழவன் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தான்.

“நானுங்களா அம்மிணி?”

“பின்ன? துண்டுகூட தெரியுது பாருங்க.”

“இத்தனை புள்ளியிலயா நான் இருக்கறேன்!”

“நீங்க ஒல்லிங்க தாத்தா. கம்மியாத்தான் செலவாச்சு” என்று அவள் சிரித்தாள். நானும் வெகுநேரம் சிரித்தேன்.

செப்டம்பர் 27, சனி

இன்று எனக்குப் பெரிய நாள். ஸ்கேனரைச் சுற்றி அக்ரிலிக் குழாய் ஒன்று கண்ணாடி போல நிற்கிறது. ஒளி அதன் வழியாகத்தான் வெளியே போகும். டீ கொண்டுவரும் பையன் அதில் விரல் வைத்துவிட்டான். மேடம் ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஜோயல் தம்பி அச்சடிக்கப் போனார்.

“இருங்க ஜோயல். நாச்சிமுத்தய்யா எழுதட்டும்” என்றார் மேடம்.

அட்டையில் அம்மிணி பென்சிலால் கோடு போட்டுத் தந்தாள். ‘கண்ணாடியைத் தொட வேண்டாம்.’ அவ்வளவுதான். மூன்று அட்டை வீணாகி நான்காவது நன்றாக வந்தது. ‘ண்ணா’ மட்டும் கொஞ்சம் பெருத்துவிட்டது. சுவரில் ஒட்டினார்கள். என் எழுத்து ஒரு சுவரில் இருக்கிறது. உள்ளே போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். டீ கொண்டுவந்த பையனைப் படிக்கச் சொன்னேன். நன்றாகப் படித்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நேற்றே அம்மிணி புதுக் குழாய் ஒன்றை மெருகேற்றி ஸ்கேனருக்கு மாட்டிவிட்டாள். காலையில் எல்லாரும் பட்டறையைக் கழுவினோம். லேத், டிரில்லிங் மெஷின், மேடத்தின் கார், ஜோயல் தம்பியின் பைக், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பவுண்டரியிலும் இந்த வேலை என்னுடையதுதான். என் கைப் பொட்டு வட்டமாக வரும் என்று அங்கே பெயர்.

“ஸ்கேனருக்கு வேண்டாங்கய்யா. ஸ்டாண்டுல மட்டும் வைங்க” என்றார் மேடம். வைத்தேன். பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சுண்டல். அவர்கள் விடுமுறைக்குப் புறப்பட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு பூஜை விளக்குக்கு எண்ணெய் விட முன்னறையைச் சாவி போட்டுத் திறந்து போனேன். எல்லா மெஷினும் பொட்டோடு இருக்க, இந்தக் குழந்தை மட்டும் வெறும் முகத்தோடு இருந்தது. மலைக்குப் போகிற பிள்ளை. காலில் வைத்துவிட்டு முகத்தில் வைக்காமல் விடுவதா? மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு வாசல் பார்த்த பக்கம் ஒன்று வைத்தேன். வட்டமாக வந்தது. கும்பிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நாளைக்கு ஓட்டுவார்களே என்று அதன் முகத்தை மட்டும் துடைத்துவிட்டேன். சந்தனம் நன்றாகக் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. துணிக்கு வரவில்லை. தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்தேன். போய்விட்டது. துணியைப் பழையபடி மூடினேன்.

புது நோட்டில் ‘அ’ எழுதினேன். இந்த நாளில் எழுத வேண்டுமாம்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று ஸ்கேனர் சரியாக ஓடவில்லை. வேப்பமரம் வந்தது, மதில் வந்தது. கேட் இருக்கும் பக்கம் மட்டும் முறத்தின் வடிவில் வெட்டி எடுத்தாற்போல வெறுமையாக இருந்தது. நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். படத்தில் நான் இல்லை.

கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். கிறீச் என்ற சத்தம் நின்றது.

அக்டோபர் 4, சனி

ஜோயல் தம்பி மோட்டாரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். பிறகு குழாயைக் கழற்றி வெயிலில் பிடித்தார். ஒரு பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இது பசை ஆவி, மேடம். சீக்கிரம் ஒட்டற பசையைப் போட்டா அக்ரிலிக் இப்படித்தான் மங்கிடும்.”

“கோகிலா, சிலிக்கான் பசைதானே போடச் சொன்னேன்?”

“சிலிக்கான்தானுங் மேடம் போட்டேன். இதப் பாருங்க, இது கீறல் மாதிரி இருக்குது.”

“மங்குனதும் துடைச்சுப் பார்த்திருப்ப. லீவுக்குப் போற அவசரம்.”

“இல்லீங் மேடம். சத்தியமா இல்லீங்க.”

“அப்ப பூட்டுன ரூமுக்குள்ள பேயா வந்து தேய்ச்சுது?”

நான் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. வேட்டி துவைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

அம்மிணி காலையில் சாப்பாட்டுப் பையோடு நேராக என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“தாத்தா, லீவுல நீங்கதான இருந்தீங்க? உள்ள ஆராச்சும் வந்தாங்களா?”

“ஆரும் வரலீங்க அம்மிணி.”

“கதவு தெறந்து கிடந்துச்சா?”

“இல்லீங்க.”

“நானே பண்ணிட்டு மறந்துட்டனோ என்னமோன்னு எனக்கே சந்தேகமாயிருச்சுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. யாரும் வரவில்லை. கதவு பூட்டித்தான் இருந்தது.

அந்த வெள்ளை பசையாகவும் இருக்கலாம். ஜோயல் தம்பி படித்தவர். அவர் பசை என்றால் பசையாகத்தான் இருக்கும். நான் என்ன கண்டேன்.

மத்தியானச் சோற்றைக் காக்கைக்கு வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மேடம் அம்மிணியை மலைக்குக் கூட்டிப் போகப்போவதில்லையாம். குழாயை வெளியே ஒரு கடையில் செய்யக் கொடுக்கப்போகிறார்கள். வியாழன் மாலைக்குள் தருவதாக அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறாராம். தராவிட்டால் பரீட்சை கிடையாது. ஊராட்சிக்காரர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள்.

“இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. கோபத்துல சொல்லல. தப்பு பண்ணுனதவிட, பண்ணலைன்னு சாதிக்கறதுதான் எனக்குப் பிடிக்கல” என்று மேடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. அம்மிணியின் பதில் கேட்கவில்லை. அவள் வீட்டில் அவள் சம்பளம்தான்.

பிறகு மேடம் என்னிடம் வந்தார். கையில் புது அட்டை.

“நாச்சிமுத்தய்யா, உங்க எழுத்துல இன்னொரு நோட்டீஸ் வேணும். ‘இந்த அறையில் விரைவுப் பசை பயன்படுத்தக் கூடாது.’ எல்லாரும் பார்க்கற மாதிரி பெருசா எழுதுங்க.”

சரிங்க என்று வாங்கிக்கொண்டேன்.

இம்முறை கோடு போட்டுத் தர யாரும் இல்லை. நானே போட்டேன். ‘இந்த அறையில்’ வரை எழுதினேன். நன்றாகவே வந்தது. ‘றை’ இவ்வளவு அழகாக எனக்கு வந்ததே இல்லை. ‘விரைவு’ என்று ஆரம்பித்தபோது அம்மிணி அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்க வந்தாள். நான் என்ன எழுதுகிறேன் என்று நின்று படித்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்கு மேல் எழுத முடியவில்லை. முன்னறைக்குப் போய்ப் பழைய நோட்டீஸைப் பார்த்தேன். இத்தனை நாளும் பார்த்தேன். ‘ண்ணா’ பெருத்ததைப் பார்த்தேன், கோடு நேராக இருப்பதைப் பார்த்தேன், அட்டையின் ஓரம் சுருண்டதைப் பார்த்தேன். இன்றுதான் அதைப் படித்தேன்.

கண்ணாடியைத் தொட வேண்டாம்.

அக்டோபர் 8, புதன்

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. டீச்சர் நடந்ததை எழுதச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

பதினொரு மணி டீக்கு எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். அம்மிணி மட்டும் தள்ளி, லேத்துக்குப் பக்கத்தில் நின்று குடித்தாள். நான் பாதி எழுதிய அட்டையோடு போனேன்.

“ஆயிருச்சுங்களா?” என்றார் மேடம்.

“இது வேண்டாமுங்க மேடம். பசை இல்லீங்க. பொட்டு வெச்சது நானுங்க.”

“எந்தப் பொட்டு?”

“பூசை அன்னைக்குங்க. அது மூஞ்சியில.”

ஜோயல் தம்பி கப்பைக் கீழே வைத்தார். “பொட்டு வெச்சா பொட்டுதானே இருக்கணும்? எங்க அது?”

“அடுத்த நாள் துடைச்சுட்டனுங்க.”

“எதுல?”

“தேங்கா நாருலங்க தம்பி.”

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாகப் பசையைப் பற்றி அவர் பேசியது எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அம்மிணியின் பக்கம் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து சுவரருகே போய் என் நோட்டீஸுக்கு முன்னால் நின்றார்.

“இதை எழுதுனது ஆருங்கய்யா?”

“நானுங்க.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்லீங்க?”

“தெரியுமுங்க மேடம்.”

எனக்கு இந்த வயதுவரை யார் என்ன கேட்டாலும் ஒரு பதில் இருந்தது. நான் கைநாட்டுங்க, எனக்குத் தெரியாதுங்க என்பேன். விட்டுவிடுவார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் எத்தனையோ தடவை ஒளிந்திருக்கிறேன். இன்று அது என்னிடம் இல்லை. படித்தவனாக நின்றேன். நிற்க முடியவில்லை.

மேடம் அம்மிணியிடம் போய், “நான் பேசுனது தப்பு கோகிலா. நீ சொன்னதக் கேட்டிருக்கணும்” என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

அம்மிணி தலையசைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“பொட்டு வெச்சதுக்கு ஒண்ணுமில்லீங் தாத்தா. எங்கம்மாவா இருந்தாலும் வெச்சிருக்கும். நான் கேட்டனே. உங்க மூஞ்சியப் பார்த்துக் கேட்டனே.”

“ஆரும் வரலீன்னு சொன்னது நெசந்தானுங்க அம்மிணி.”

ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். கப்பைக் கழுவி வைத்துவிட்டு லேத்தை ஓட்டப் போனாள்.

நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். “நீங்களும் போயிட்டா கேட்டை ஆரு பார்ப்பா? போய் உக்காருங்க” என்றார். மலைக்கு நான் வரவில்லை என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் “சரிங்க” என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மிணி புதுக் குழாயைக் கடைகிறாள். அக்ரிலிக் சூடேறினால் பால்போல ஆகிவிடுமாம். மெதுவாக, தண்ணீர் விட்டு விட்டுக் கடைய வேண்டும். நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. வெளிக்கடைக்காரர் வெள்ளிக்கிழமைதான் முடியும் என்று போன் செய்தாராம். அவள் அதற்கு முன்னால் முடித்துவிடுவாள் போலிருக்கிறது.

நான் பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ‘கண்ணாடியைத் தொட வேண்டாம்.’ அதன் கீழே என் இஷ்டத்துக்கு இன்னொரு வரி சேர்த்தேன். ‘இது காவல்காரருக்கும் பொருந்தும்.’ ஒட்டிவிட்டுத் திரும்பினால் ஜோயல் தம்பி சிரித்துவிட்டார். அம்மிணியும் வந்து படித்தாள். சிரிக்கவில்லை. ஒட்டாமல் நின்ற ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 10, வெள்ளி

சாயங்காலம் புதுக் குழாயை மாட்டி, வாசலைப் பார்த்து வைத்தார்கள். நான் ஸ்டூலை விட்டு எழுந்து வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அது என்னைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

“தாத்தா” என்று அம்மிணி கூப்பிட்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு இப்போதுதான் கூப்பிட்டாள். “ஸ்டூல்ல போயி உக்காருங்க. அங்க ஆள் இருந்தாத்தான தெரியுதா இல்லையான்னு பார்க்க முடியும்.”

போய் உட்கார்ந்தேன். துண்டைச் சரி செய்துகொண்டேன். மெஷின் சுற்றும் சன்னமான சத்தம் கேட்டது. எல்லாரும் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தார்கள். ஜோயல் தம்பி கைதட்டினார். மேடம் அம்மிணியின் தோளில் தட்டினார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். போன வாரம் ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டார். வேட்டி துவைத்தேன் என்றேன். பிறகு அது காரணமில்லை என்றும் சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. இன்று எங்களுக்கு ‘ஸ்ரீ’ சொல்லித்தந்தார். அதற்கு நிறைய வளைவு.

நேற்று விடியும்போதே அவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். அம்மிணியும் போயிருக்கிறாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் உட்கார்ந்தாள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். கார் தாண்டும்போது மேடம் கையாட்டினார். அம்மிணி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மத்தியானம் மேடம் போன் செய்தார். மெஷின் நன்றாக ஓடியதாம். சரிவு முழுக்க, புதர், பாறை, கீழே இருக்கும் ஓட்டு வீடுகள், துணி காயும் கொடிகூடப் புள்ளியில் வந்துவிட்டதாம். வீடுகளுக்கு மேலே ஓரிடத்தில் மண் வயிறுபோல முன்னுக்குத் தள்ளியிருப்பது படத்தில்தான் தெரிந்ததாம். அந்த வரிசையில் இருப்பவர்களை மழை முடியும்வரை பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப் போகிறார்களாம். மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வரும்படி ஊராட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

“எல்லாம் கோகிலா செஞ்ச குழாய்ங்கய்யா. சுத்தமா இருக்குது” என்றார்.

“அம்மிணி பக்கத்துல இருக்குதுங்களா?”

“இருக்கா. பேசறீங்களா?”

வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். போனில் வேண்டாம். அதில் முகம் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் அன்று அப்படிச் சொன்னேன்.

நாளை அவர்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை எடுத்த படத்தைக் காட்டும்படி அம்மிணியிடம் கேட்கப் போகிறேன். கேட் பக்கம், ஸ்டூலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவள் காட்டினால் நான் எப்படி இருக்கிறேன் என்று வரும் ஞாயிறு இதில் எழுதுவேன். காட்டாவிட்டால், காட்டவில்லை என்று எழுதுவேன். இரண்டையும் எழுத எனக்குத் தெரியும்.